‘வகை’ என்னும் கட்டத்தில் எதை எழுதுவது?

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவை ஒட்டி ஒரு சிறிய படிப்பகம் இருக்கிறது. அதன் நூல்களைக் கணினியில் ஏற்றும் வேலையைச் சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கினோம். கூகுள் ஷீட்டில் நான் ஒரு படிவம் செய்து வைத்திருந்தேன். சேர்க்கை எண், நூற்பெயர், ஆசிரியர், வகை, பதிப்பகம், ஆண்டு, மாவட்டம் என்று அதில் ஏழு கட்டங்கள். கல்லூரியில் படிக்கும் ஐந்து பெண்கள் உதவிக்கு வந்திருந்தார்கள். கால் மணி நேரம் ஆவதற்குள் அவர்களில் ஒருத்தி, கையில் பைண்டு செய்த ஒரு பழைய நூலை வைத்துக்கொண்டு, “அக்கா, வகைன்னா எந்த வகை?” என்று கேட்டாள். “நாவலா, கட்டுரையா, அதைப் போடும்மா” என்று சொல்லிவிட்டு நான் அடுத்த அலமாரிக்குப் போய்விட்டேன்.

அந்தக் கேள்விக்கு அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும். இரண்டாவது ஞாயிறு மாலை, 412 நூல்கள் ஏறியிருந்த நிலையில், வகை என்ற கட்டத்தில் என்னென்ன எழுதியிருக்கிறார்கள் என்று தனியே எடுத்துப் பார்த்தேன். நாவல், சிறுகதை, கவிதை என்று பல இருந்தன. அவற்றோடு ‘தமிழ்’, ‘ஆன்மிகம்’, ‘நன்கொடை’, ‘கெட்டி அட்டை’, ‘பழையது’, ‘மொழிபெயர்ப்பு’, ‘பள்ளி மாணவர்க்கு’, ‘இரண்டாம் பாகம்’ ஆகியவையும் இருந்தன. ஒரே நாவலின் இரண்டு படிகளில் ஒன்று ‘நாவல்’ என்றும் மற்றொன்று ‘நன்கொடை’ என்றும் பதிவாகியிருந்தது. ஐந்து பேரும் கவனமாகத்தான் வேலை செய்திருக்கிறார்கள். ஏனென்றால் இவற்றில் ஒன்றுகூடத் தமிழில் தவறான விடை இல்லை. எழுதப்பட்ட மொழியால் ஒரு வகை, வந்து சேர்ந்த வழியால் ஒரு வகை, அட்டையால் ஒரு வகை, படிப்பவரின் வயதால் ஒரு வகை என்று எல்லாவற்றுக்கும் ‘வகை’ இடம் கொடுக்கிறது. எதைக் கொண்டு பிரிக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் நான் பிரிக்கச் சொல்லியிருந்தேன்.

மென்பொருள்களின் திரைச் சொற்களைத் தமிழாக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவள் நான். இந்தப் பிழையை முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறேன் என்பதால் வருத்தம் கூடுதலாக இருந்தது. நான் முன்பு வேலை செய்த ஓர் அலுவலகத்தில், ராணிப்பேட்டைப் பக்கம் உள்ள ஒரு தோல் கிடங்குக்காக இருப்புக் கணக்கு மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கினோம். ஆங்கிலத்தில் மூன்று வெவ்வேறு சொற்களைத் தாங்கியிருந்த மூன்று கட்டங்களை மூன்று பேர் தனித்தனியே மொழிபெயர்த்தோம். மூவரும் ‘வகை’ என்றே எழுதியிருந்தோம். மென்பொருள் கிடங்குக்குப் போன பிறகுதான், ஒரே திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று ‘வகை’ நிற்பதை அங்கிருந்த மேற்பார்வையாளர் எடுத்துக் காட்டினார். அவரிடம் அதற்கான சொற்கள் முன்பே இருந்தன. ஆட்டுத் தோலா மாட்டுத் தோலா என்பதை அவர் ‘இனம்’ என்றார். மேல்தோல், உள்தோல், சாயமிட்டது, சாயமிடாதது என்ற வேறுபாட்டை ‘ரகம்’ என்றார். ஓட்டை, கீறல் பார்த்து முதல், இரண்டு, மூன்று என்று ஒதுக்குவதைத் ‘தரம்’ என்றார். அன்றாடம் கையால் பிரிப்பவருக்கு ஒவ்வொரு பிரிப்புக்கும் ஒரு சொல் வாய்த்திருக்கிறது. மேசையில் அமர்ந்து மொழிபெயர்த்த எங்களுக்குத்தான் எல்லாம் ஒன்றாகத் தோன்றியது. மண்டித் தெருவில் அரிசி வாங்கப் போகிறவர் யாரும் ரகத்தையும் தரத்தையும் குழப்பிக்கொள்வதில்லை. பொன்னி என்பது ரகம். அது பழையதா புதியதா, குருணை எவ்வளவு என்பதெல்லாம் தரம்.

ஆகவே இம்முறை சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து எடைபோட்டேன். முதலில் என் மனத்தில் நின்றவை வகு, பகு என்ற இரண்டு வினைகள். ஓசையில் நெருக்கமானவை; பேச்சில் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்துவிடும். வகை, வகுப்பு, வகைப்பாடு ஆகியவை வகு என்பதிலிருந்தும், பகுதி, பகுப்பு, பாகுபாடு ஆகியவை பகு என்பதிலிருந்தும் கிளைத்தவை. ஆனால் செயலில் இவை வேறு. பகுத்தல் என்பது முழுமையாக இருந்த ஒன்றைக் கூறுகளாக்குவது. வகுத்தலை, பலவாக இருப்பவற்றை அவற்றின் இயல்பு நோக்கி இனம் பிரித்து நிறுத்துவது என்ற பொருளில் கொள்கிறேன். கணக்கில் வகுத்தல் என்பதும் ஒன்றைக் கூறிடுவதுதானே என்று கேட்கலாம். உண்மைதான், இந்த எல்லை மரபில் எப்போதும் கறாராக இருந்ததில்லை. எனினும் தகவலை ஒழுங்குபடுத்துகிறவர்களுக்கு இந்த வேறுபாடு இன்றியமையாதது என்பதால், நான் இதைக் கறாராகவே வைத்துக்கொள்ள விரும்புகிறேன்.

காட்பாடி வேலூர் மாவட்டத்தின் ஒரு பகுதி. வேலூர் மாவட்டத்தின் ஒரு வகை என்று யாரும் சொல்ல மாட்டோம். அத்தியாயம் நாவலின் பகுதி. வரலாற்று நாவல் என்பது நாவலின் வகை. வரலாற்று நாவலைப் பற்றி, “இது ஒரு நாவல்” என்று சொல்லலாம். அத்தியாயத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. ‘இது அதுதான்’ என்று சொல்லிப் பார்த்து, சொல்ல முடிந்தால் வகை, சொல்ல முடியாமல் ‘இது அதில் உள்ளது’ என்றுதான் சொல்ல முடிந்தால் பகுதி. இந்த ஒரு சோதனையை வைத்துப் பார்த்தபோது ‘இரண்டாம் பாகம்’ என்று ‘வகை’யில் எழுதப்பட்டிருந்த பதிவுகள் எங்கே இடறின என்பது தெளிவாயிற்று. பாகம் என்பது பகுதி. அதற்கு வேறு கட்டம் வேண்டும்.

தமிழ் விக்கிப்பீடியா, கட்டுரைகளை இனம் சேர்க்கும் தலைப்புகளைப் ‘பகுப்பு’ என்று அழைக்கிறது. நூலகவியலில், சிறப்பாக இலங்கைத் தமிழர் எழுதிய நூலகவியல் நூல்களில், ‘பகுப்பாக்கம்’ என்ற சொல் வேரூன்றியிருக்கிறது. இவற்றைப் பிழை என்று நான் கருதவில்லை. மனித அறிவு முழுவதையும் ஒரே நிலமாகக் கண்டு, அதை வரப்பு போட்டுப் பாத்திகளாக்குவதாகப் பார்த்தால் பகுப்பாக்கம் பொருத்தமான சொல்தான். ஆனால் ஒரு கட்டுரை ஒரே நேரத்தில் ஐந்து பகுப்புகளில் இருக்க முடியும் என்னும்போது அந்த உருவகம் தளர்ந்துவிடுகிறது. ஒரு நிலத்துண்டு ஐந்து பாத்திகளில் இருக்காது. அப்படிப் பலவாக ஒட்டிக்கொள்ளக்கூடிய அடையாளத்துக்குக் ‘குறிச்சொல்’ என்பதையே எங்கள் படிவத்தில் எடுத்துக்கொண்டேன்.

பகுத்தலைப் பற்றி எழுதும்போது எங்கள் மாவட்டத்தை விட்டுவிட முடியாது. ஏழாவது கட்டமாக நான் வைத்திருந்த ‘மாவட்டம்’, ‘வகை’யைவிடப் பெரிய சிக்கலைக் கொண்டுவந்தது. படிப்பகத்தில் ஊர் வரலாறு, தல வரலாறு, சங்க மலர், கூட்டுறவு சங்க ஆண்டறிக்கை என்று இந்த வட்டாரத்தைச் சேர்ந்த சிறு நூல்கள் நிறைய உண்டு. அவற்றில் பெரும்பாலானவை ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்றே அச்சிட்டிருக்கின்றன. ஆனால் எந்த வட ஆற்காடு? 1911 வரை சித்தூர் அதன் தலைமையிடம். அந்த ஆண்டு சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்து, இன்று ஆந்திரத்தில் இருக்கிறது. 1989இல் வட ஆற்காடு இரண்டாகப் பகுக்கப்பட்டு, தெற்கில் திருவண்ணாமலை தனி மாவட்டமானது. ஆரணியும் செய்யாறும் அதனோடு போயின. எஞ்சிய பகுதி பின்னர் வேலூர் மாவட்டம் என்ற பெயர் பெற்றது. 2019இல் அதுவும் மூன்றாகி, ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் ராணிப்பேட்டை மாவட்டத்துக்கும், ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டத்துக்கும் சென்றன. ஆற்காட்டின் பெயரைத் தாங்கியிருந்த மாவட்டத்தின் வழிவந்த வேலூர் மாவட்டத்தில் இன்று ஆற்காடு இல்லை.

உதவிக்கு வந்த பெண்களில் இருவர் நூலில் அச்சிட்டிருந்தபடியே ‘வட ஆற்காடு’ என்று எழுதினார்கள். ஒருத்தி, அந்த ஊர் இப்போது எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று கைப்பேசியில் பார்த்துப் பார்த்து அதை எழுதினாள். வேறு இருவர் பதிப்பகம் இருக்கும் மாவட்டத்தை எழுதியிருந்தார்கள். இப்போது ஆம்பூரைப் பற்றிய நூல்கள் வேண்டும் என்று ஒருவர் தேடினால் மூன்று பெயர்களில் தேட வேண்டும். நான் செய்தது இதுதான்: ‘மாவட்டம்’ என்ற கட்டத்தை நீக்கிவிட்டு, ‘நூல் கூறும் இடம்’ என்று ஒன்றும் ‘இன்றைய மாவட்டம்’ என்று ஒன்றும் வைத்தேன். முதலாவதில் நூல் எப்படி அச்சிட்டிருக்கிறதோ அப்படியே, எழுத்து மாறாமல் எழுத வேண்டும். இரண்டாவதில் தட்டச்சு செய்ய இடமில்லை. இன்றைய மாவட்டப் பெயர்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் முடியும். நூலகர்கள் இந்த இரண்டாவது ஏற்பாட்டுக்குக் கட்டுப்படுத்திய சொற்கள் என்று ஒரு கலைச்சொல் வைத்திருக்கிறார்கள். நான் அதைத் ‘தேர்சொற்கள்’ என்று எழுதினேன். கட்டுப்பாடு என்ற சொல் தன்னார்வலர்களிடம் வேறு உணர்வை உண்டாக்குகிறது என்பது ஒரு காரணம். தேர்ந்தெடுக்க வேண்டியவை என்பது அதைவிட எளிதில் புரியும் என்பது மற்றொன்று.

இங்கே எழுத்துக்கூட்டலையும் சொல்ல வேண்டும். ஆற்காடு, ஆர்க்காடு என்று இரண்டு வடிவங்களும் அச்சில் இருக்கின்றன. அகராதி வரிசையில் ரகரத்துக்கும் றகரத்துக்கும் இடையே ல, வ, ழ, ள என்ற நான்கு எழுத்துகள் உண்டு. ஆகவே நூற்பெயர்களை முறையாக அகரவரிசைப்படுத்தினால் ஆர்க்காடும் ஆற்காடும் பிரிந்துவிடும்; அவற்றுக்கு நடுவே ஆலங்காயமும் ஆவணமும் ஆழ்வாரும் ஆளுநரும் வந்து நிற்பார்கள். ஒன்றைக் கண்டவர் மற்றொன்றையும் காண வேண்டுமென்றால் ‘ஆற்காடு: மேலும் பார்க்க ஆர்க்காடு’ என்ற குறிப்பு தேவை. இந்தப் ‘பார்க்க’, ‘மேலும் பார்க்க’ என்ற இரண்டு சொற்களையும் நம் அகராதிகள் நெடுங்காலமாகச் செவ்வனே பயன்படுத்தி வருகின்றன. அவற்றை மாற்றி ‘தொடர்புடைய இணைப்புகள்’ என்று புதிதாக எழுத வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.

அகரவரிசை என்றதும் ‘வரிசை’யைப் பற்றிய என் மனக்குறையைச் சொல்லியாக வேண்டும். ரேஷன் கடையில் நிற்பது வரிசை. பாடநூலில் உயிரினங்களை வகைப்படுத்தும் படிகளில் ஒன்று வரிசை. அட்டவணையில் கிடையாக ஓடுவதைப் பலர் வரிசை என்கிறார்கள். நெடுக்காக இறங்குவதை நெடுவரிசை என்கிறார்கள். முன்பின்னாக அடுக்குவது வரிசைப்படுத்தல். எனவே மென்பொருளின் உதவிப் பக்கத்தில், “நெடுவரிசையைத் தேர்ந்து வரிசைகளை வரிசைப்படுத்துக” என்று எழுத நேர்கிறது. பள்ளிக் கணிதப் பாடநூல்கள் அணிகளைக் கற்பிக்கும்போது கிடையாக ஓடுவதை நிரை என்றும் நெடுக்காக இறங்குவதை நிரல் என்றும் தெளிவாகப் பிரித்துச் சொல்கின்றன. பத்தாம் வகுப்பைத் தாண்டிய யாரும் அறிந்த சொற்கள் இவை. ஆனால் கணினித் தமிழ் ‘நிரல்’ என்பதைப் புரோகிராமுக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. நிரல் எழுதி நிரல்களை நிரல்படுத்தினேன் என்று இன்று ஒருவர் எழுதினால் இலக்கணப்படி பிழையில்லை; படிப்பவருக்குத்தான் ஒன்றும் விளங்காது. எங்கள் படிவத்தில் நிரை, நிரல் என்ற சொற்களுக்கு இடமே வைக்காமல், ‘ஒரு நூலுக்கு ஒரு வரி’ என்றும், ஒவ்வொரு தலைப்பையும் ‘கட்டம்’ என்றும் எழுதிவிட்டேன். வரி என்பது நோட்டுப் புத்தகம் பிடித்த எல்லாருக்கும் தெரியும்.

கணினி தானாகச் செய்யும் வரிசையையும் கண்ணால் பார்த்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. பைத்தான் என்ற கணினி மொழியில் நான் எழுதிய சிறு கட்டளைத் தொகுப்பு, கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் தரப்பட்டிருக்கும் யுனிகோடு எண்ணின்படி அடுக்கியது. யுனிகோடு அட்டவணையில் நகரத்தை அடுத்தே னகரமும், ரகரத்தை அடுத்தே றகரமும் வைக்கப்பட்டிருக்கின்றன. வகரம் ள, ழ இரண்டுக்கும் பின்னால் நிற்கிறது. புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் கடைசியில் வருகிறது. இதனால் வேல், வேலன், வேலூர் என்று அகராதியில் வரவேண்டிய மூன்றும் வேலன், வேலூர், வேல் என்று இடம் மாறின. அந்த வரிசையில் ஆர்க்காடும் ஆற்காடும் மட்டும் அருகருகே வந்திருந்தன. தேடுபவருக்கு அது வசதி என்றாலும், அகராதி பார்த்துப் பழகிய கண்ணுக்கு மற்ற எல்லாம் இடம் மாறித் தெரியும் என்பதால் அதை ஏற்க முடியவில்லை. எழுத்து வரிசையைக் கையால் எழுதிக் கொடுத்து மாற்றினேன்.

வரிசை வேறு, வகை வேறு என்பதை நம் முன்னோர் எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தார்கள் என்பதற்கு அகநானூற்றைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. அகத்திணைப் பாடல்களைத் தொகுத்தவர்கள் முதலில் அடியளவைப் பார்த்தார்கள். நான்கு முதல் எட்டு அடி வரை உள்ளவை குறுந்தொகை. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை உள்ளவை நற்றிணை. பதின்மூன்று முதல் முப்பத்தொன்று வரை உள்ளவை அகநானூறு. இது தொகுத்தல். ஒவ்வொரு பாட்டும் எந்தத் திணைக்குரியது என்று கண்டது வகுத்தல். அகநானூற்றில் அதற்கு மேல் ஒன்று செய்தார்கள். ஒற்றைப்படை எண்களில் பாலை. இரண்டிலும் எட்டிலும் முடியும் எண்களில் குறிஞ்சி. நான்கில் முடிபவை முல்லை. ஆறில் முடிபவை மருதம். பத்து, இருபது என்று சுழியத்தில் முடிபவை நெய்தல். இப்படி நானூறையும் நிறுத்தினார்கள். இது நிரல்படுத்தல். பாலை இருநூறு, குறிஞ்சி எண்பது, மற்ற மூன்றும் நாற்பது நாற்பது. 146ஆம் பாட்டு என்று சொன்னால், பாட்டைப் பார்க்காமலே அது மருதம் என்று சொல்லிவிடலாம். இன்று நூலகத்தில் நூலின் முதுகில் ஒட்டும் எண் செய்யும் வேலையும் இதுதான்: வரிசையில் ஓர் இடத்தைக் காட்டும்போதே வகையையும் காட்டுகிறது. அந்நூலின் மூன்று பிரிவுகளின் பெயர்களும் களிற்றியானை நிரை, மணிமிடை பவளம், நித்திலக்கோவை என்றே அமைந்திருக்கின்றன. நிரையாக நிறுத்துவது, இடையிட்டுக் கலப்பது, நூலில் கோப்பது என்று அடுக்குவதற்கான மூன்று சொற்களையும் அங்கேயே காண்கிறோம்.

வகை என்ற சொல்லுக்கு மரபில் இன்னொரு பணியும் உண்டு. தொகை, வகை, விரி என்ற மூன்றில் நடுவே நிற்பது அது. சுந்தரர் அடியார்களின் பெயர்களை மட்டும் பதினொரு பாடல்களில் அடுக்கிய திருத்தொண்டத்தொகை தொகை நூல்; நம்பியாண்டார் நம்பி அந்த அடியார்களைப் பற்றிச் சிறிது சொல்லிச் சென்றது வகை நூல்; சேக்கிழார் முழுக் கதையாகப் பாடியது விரி நூல். இங்கே வகை என்பது இனத்தைக் குறிக்கவில்லை, விவரத்தின் அளவைக் குறிக்கிறது. இந்த மூன்று அளவுகளும் எங்கள் படிவத்துக்கே தேவைப்பட்டன: பெயர் மட்டும் உள்ள பட்டியல் ஒன்று, நூலுக்கு நான்கு வரிக் குறிப்பு உள்ள பட்டியல் ஒன்று, முழு விவரம் ஒன்று. ‘வகைப் பட்டியல்’ என்று நடுவிலுள்ளதற்குப் பெயர் வைக்க ஆசைப்பட்டேன். குழப்பம் கூடும் என்று விட்டுவிட்டு ‘குறிப்புப் பட்டியல்’ என்றே வைத்தேன்.

பட்டியல், அட்டவணை, அடைவு ஆகிய மூன்றுக்கும் நான் வைத்துக்கொண்டிருக்கும் எல்லை இது. ஒன்றன்பின் ஒன்றாக ஒரே திசையில் செல்வது பட்டியல்: வாக்காளர் பட்டியல், விலைப்பட்டியல். இரண்டு திசைகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் விடை கிடைப்பது அட்டவணை. காட்பாடி சந்திப்பில் வண்டியின் பெயரைக் கிடையாகவும் நேரத்தை நெடுக்காகவும் பார்க்கிறோம் அல்லவா, அதனால் அது கால அட்டவணை. அரசமைப்புச் சட்டத்தின் தமிழ் வழக்கு இந்த எல்லையோடு முழுதும் ஒத்துப்போவதில்லை. அங்கே ஏழாவது அட்டவணைக்குள் ஒன்றியம், மாநிலம், பொது என மூன்று பட்டியல்கள் அடங்கியிருக்கின்றன. அட்டவணை பெரியது, பட்டியல் அதற்குள் அடங்குவது என்ற அளவில் அந்த வழக்கும் தெளிவானதே. அடைவு என்பது இரண்டிலிருந்தும் வேறானது. அது ஒன்றைச் சென்றடைய வழி காட்டுவது. எதிரே பக்க எண்ணோ அலமாரி எண்ணோ இல்லாவிட்டால் அதற்கு அடைவு என்ற பெயர் பொருந்தாது. நூலின் முன்னால் உள்ள பொருளடக்கம் நூல் அமைந்திருக்கும் முறையைப் பின்பற்றுகிறது. பின்னால் உள்ள பொருளடைவு தேடுபவரின் மனத்தில் உள்ள சொல்லைப் பின்பற்றுகிறது. வீரமாமுனிவர் 1732இல் முடித்த சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பிரிவாக அமைந்ததும், ஒரே சொற்களைத் தேடி வரும் நால்வர் நான்கு விதமான கேள்விகளோடு வருவார்கள் என்ற அறிவினால்தான் என்று நினைக்கிறேன்.

வகைப்பாடு, வகைப்பாட்டியல் ஆகியவற்றை ஒன்றாக எழுதுவதை மட்டும் நண்பர்கள் தவிர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பிரித்து அமைத்த அமைப்பு வகைப்பாடு. அப்படி அமைப்பதைப் பற்றிய துறை வகைப்பாட்டியல். ஒரு கடையின் இணையதளத்தில் உள்ள சரக்குத் தலைப்புகளை வகைப்பாட்டியல் என்று எழுதுவது, வீட்டுக் கணக்கு நோட்டைக் கணக்கியல் என்பதைப் போன்றது. ஆன்டாலஜி என்பதற்கு மெய்யியலிலிருந்து ‘இருப்பியல்’ என்ற சொல்லை அப்படியே எடுத்துக் கணினியில் வைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. கணினியில் அந்தச் சொல்லால் பேசப்படுவது பொருள்களுக்கிடையே உள்ள உறவுகளின் வரையறை. எங்கள் படிப்பகத்துக்கு அது தேவைப்படாததால் இப்போதைக்கு அதை விட்டுவிடுகிறேன்.

நூல்களுக்கு ஏற்கெனவே உலகம் முழுதும் வழங்கும் எண்களையே கொடுத்துவிடலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். நூல்களுக்கு எண் கொடுக்க மெல்வில் டூயி என்ற அமெரிக்க நூலகர் 1876இல் வெளியிட்ட தசம முறையில் ஆங்கில இலக்கியத்துக்கு 820 முதல் 829 வரை பத்து எண்களும் கிடைக்கின்றன. தமிழ் இலக்கியம், ‘பிற இலக்கியங்கள்’ என்ற 890க்குள் ஒதுக்கப்பட்டு, 894.811 என்ற எண்ணில் தொடங்குகிறது. நம் அலமாரிகளில் பெரும்பகுதி தமிழ் இலக்கியம். எல்லா நூல்களின் முதுகிலும் அந்த ஆறு இலக்கங்களை ஒட்டிவிட்டு அதற்குப் பின்னால்தான் உண்மையான பிரிப்பைத் தொடங்க முடியும்.

எனக்கு வழிகாட்டியவர் சீ. இரா. அரங்கநாதன். கணிதம் கற்பித்துக்கொண்டிருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானவர். பயிற்சிக்காக லண்டன் சென்றிருந்தபோது ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைக் கண்டு, சில துண்டுகளைக் கொண்டு எந்த உருவத்தையும் கோத்துவிடலாம் என்ற எண்ணத்தை நூல்களுக்குப் பொருத்திப் பார்த்தார். 1933இல் வெளிவந்த அவருடைய கோலன் என்னும் நூல் வகைப்பாட்டு முறை, நூலுக்கு ஒரே ஒரு வகையைத் தேடிக்கொண்டிராமல், நூலின் பல முகங்களைத் தனித்தனியே கண்டு சேர்க்கச் சொல்கிறது. ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என்று அந்த முகங்கள் ஐந்து. வாலாஜாவில் தோல் பதனிடும் தொழிலின் வரலாறு என்றொரு நூல் இருந்தால், தோல் ஒரு முகம், பதனிடுதல் ஒரு முகம், வாலாஜா ஒரு முகம், காலம் ஒரு முகம். இதைப் படிக்கும்போதெல்லாம் தொல்காப்பியர் பாட்டை முதல், கரு, உரி என்று பார்த்ததும், முதற்பொருளை நிலம், பொழுது என்று பிரித்ததும் என் நினைவுக்கு வரும். இடமும் காலமும் அங்கேயும் தனி முகங்கள்.

ஆகவே ‘வகை’ என்ற ஒரு கட்டத்தை எடுத்துவிட்டு, அதில் எழுதப்பட்டிருந்த விடைகளையே கேள்விகளாக்கிக்கொண்டேன். நாவல், கவிதை என்று எழுதியிருந்ததற்கு ‘இலக்கிய வகை’ என்ற கட்டம். வகை என்ற சொல் முன்னால் ஓர் அடை பெற்று நிற்கும்போது தடுமாற்றம் தருவதில்லை. ஆன்மிகம், விவசாயம் என்று எழுதியிருந்ததற்குப் ‘பொருள்’ என்று முதலில் வைத்தேன். பொருள் என்றால் சாமான், அர்த்தம், செல்வம் எல்லாமும் ஆகும் என்பதால் அதைப் ‘பேசுபொருள்’ என்று மாற்றினேன். மொழி ஒரு கட்டம், பாகம் ஒரு கட்டம், ‘யாருக்கு’ என்று ஒரு கட்டம். ‘கெட்டி அட்டை’க்குக் ‘கட்டமைப்பு’ என்று எழுதி, அது வேறெங்கோ கொண்டுபோகிறதே என்று ‘அட்டை’ என்றே வைத்தேன்.

‘நன்கொடை’ மட்டும் நின்றது. ‘பெறப்பட்ட முறை’ என்று எழுதியிருந்தேன். எனக்கே நிறைவாக இல்லை. அன்று மாலை, படிப்பகத்தைத் தொடக்கத்திலிருந்து பார்த்துக்கொண்ட ஓய்வுபெற்ற தமிழாசிரியர் வந்தார். அவரை நாங்கள் ஐயா என்றுதான் அழைப்போம். அவர் கைப்பட எழுதி வந்த நீள நோட்டு ஒன்று பீரோவின் அடித்தட்டில் இருந்தது. அதை எடுத்துத் தூசி தட்டிப் பிரித்துக் காட்டினார். சிவப்பு மையில் கோடிட்டு, வ. எண், நூற்பெயர், ஆசிரியர், பக்கம், விலை, வரவு என்று தலைப்பிட்டிருந்தார். வரவு என்பதன்கீழ் ‘விலைக்கு’, ‘நன்கொடை’, ‘பரிசாக வந்தது’, ‘திரும்பி வராததற்கு மாற்று’ என்று எழுதிச் சென்றிருந்தார். “வீட்ல வரவு செலவு எழுதற மாதிரிதாம்மா. புஸ்தகமும் ஒரு வரவுதானே?” என்றார். என் கட்டத்தை அழித்துவிட்டு ‘வரவு’ என்று எழுதினேன்.

மூன்றாவது ஞாயிறு, 412 நூல்களையும் முதலிலிருந்து எடுத்தோம். கேள்வி கேட்ட அந்தப் பெண்ணின் கையில் முதலில் வந்தது விரிஞ்சிபுரம் கோயிலைப் பற்றிய ஒரு சிறு நூல். அட்டை கிழிந்து, ஆண்டு அச்சிட்ட பக்கம் இல்லாமல் இருந்தது. அவள் ஒவ்வொரு கட்டமாக வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதினாள். “இலக்கிய வகை, தல வரலாறு. பேசுபொருள், கோயில். நூல் கூறும் இடம், வட ஆர்க்காடு ஜில்லா. இன்றைய மாவட்டம், வேலூர். அட்டை, கிழிந்தது. வரவு…” என்று நிறுத்தி, உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஊதா மையில் ஒரு கையொப்பமும் ‘படிப்பகத்துக்கு அன்புடன்’ என்ற சொற்களும் இருந்தன. “நன்கொடை” என்று எழுதிவிட்டு அடுத்த நூலை எடுத்தாள்.